தோலும் பாலும்: குழந்தைப் பால்மாவின் கொழுப்பு வரலாறு

பதனிட்ட தோலில் கொழுப்பு குறைந்தால் அது விறைத்து வெடிக்கும் என்பதை ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிலாளர்கள் நன்கறிவர். ஆகவேதான் தோலை டிரம்மில் இட்டு எண்ணெய் ஊட்டுகிறார்கள்; மீனெண்ணெயும் அதற்குப் பயன்படுவதுண்டு. பச்சிளங்குழந்தையின் தோலுக்கும் உரிய கொழுப்பு வேண்டும் என்பதை அறிவியல் வெகு தாமதமாகவே கண்டுகொண்டது. அவ்வரலாற்றை நாம் சற்றுத் திரும்பிப் பார்ப்பது தகும்.

1867இல் ஹென்றி நெஸ்லே பாலும் கோதுமை மாவும் சர்க்கரையும் கலந்த குழந்தை உணவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கொழுப்பின் தன்மையை அன்று எவரும் பெரிதாக எண்ணவில்லை. 1915இல் அமெரிக்க மருத்துவர் கெர்ஸ்டன்பெர்கர், மாட்டுக்கொழுப்பையும் காட் மீன் ஈரல் எண்ணெயையும் சேர்த்துத் தாய்ப்பாலின் கொழுப்பை ஒத்த கலவை ஒன்றை அமைக்க முயன்றார். 1929இல் பர் தம்பதியர், கொழுப்பே இல்லாத உணவு தின்ற எலிகளின் தோல் செதிலாவதைக் கண்டனர். லினோலெயிக் அமிலம் குறைந்த பால் உணவால் குழந்தைகளின் தோலும் வறண்டு செதிலுதிர்வதை ஹான்சன் குழுவினர் 1963இல் நிறுவினர்.

நம் நாட்டின் சிக்கல் வேறு. இங்கு அன்று எருமைப்பாலே மிகுதி. அதன் கொழுப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு, தாய்ப்பாலிலோ 4 விழுக்காடு. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை 1950களில் உருவாக்கியது. ஆனந்தின் அமுல் கூட்டுறவு அதைச் சந்தைக்குக் கொண்டுசென்றது.

பின்னர் தாவர எண்ணெய்கள் வந்தன. தாய்ப்பாலில் பால்மிடிக் அமிலத்தின் பெரும்பகுதி கொழுப்பு மூலக்கூறின் நடுவிடத்தில் அமர்ந்திருக்கிறது. பாமாயிலிலோ பெரும்பாலும் ஓரங்களில். ஓரத்தில் உள்ளது பிரிந்து, குடலில் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாகி வெளியேறுகிறது, மலமும் இறுகுகிறது. அளவு ஒன்றாயினும் அமைப்பு வேறானால் பயனும் வேறாகிறது.

எத்துணைச் செம்மையான மாவாயினும் அதைக் கரைக்க நீர் வேண்டுமே! தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை, பாலாறு தொடர்பான 1996 ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். குழந்தையின் சிறுநீரகம் அதைத் தாங்காது.

பால்மா விளம்பரங்களை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்னும் மருத்துவ அறிவுரைக்கு இக்கால அளவு பொருந்துகிறது. ஆனால் காலணியின் மேற்பகுதியை வீட்டிலிருந்து சோடிக் கணக்கில் தைத்துத் தரும் ஆம்பூர்ப் பெண்களுக்கு அவ்விடுப்பு எட்டுவதில்லை. தைத்தால்தான் கூலி.

இன்று பால்மா டப்பாக்கள் பெருமையோடு சொல்லும் டிஹெச்ஏ என்னும் கொழுப்பமிலம் தாய்ப்பாலில் இயல்பாகவே உண்டு; தாய் உண்ணும் மீனைப் பொறுத்து அதன் அளவு கூடும், குறையும். ஆகவே குழந்தை உணவின் தரத்தை டப்பாவில் மட்டும் தேடுவது போதாது என்றே நமக்குத் தோன்றுகிறது. தாயின் தட்டில் என்ன இருக்கிறது, அவள் அமர்ந்து பாலூட்ட எத்தனை நாள் கூலியோடு கிடைக்கிறது என்பவையும் அதே கணக்கில் அடங்கும்.