அமெச்சூர் கைக்கு டிஎஸ்எல்ஆர் வந்த கதை

விற்பனைக்கு வந்த முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர், 1991இல் கோடக் வெளியிட்ட டிசிஎஸ். நிகான் எஃப்3 ஃபிலிம் கேமராவின் முதுகில் 1.3 மெகாபிக்சல் சென்சார் பொருத்தியிருந்தார்கள். படங்களைச் சேமிக்கும் வன்தட்டு தனிப்பெட்டியில் இருந்தது. அதைத் தோளில் சுமந்துகொண்டே படமெடுக்க வேண்டும். விலை சுமார் 20,000 டாலர். நேரத்தோடு போட்டிபோடும் செய்தித்துறைக்குத்தான் அது கட்டுப்படியானது. 1999இல் நிகான் டி1 ஏறத்தாழ 5,500 டாலருக்கும், 2000இல் கேனான் டி30 சுமார் 3,000 டாலருக்கும் வந்தன. அப்போதும் பொழுதுபோக்காகப் படமெடுப்பவர் கடைக் கண்ணாடிக்கு வெளியேதான் நின்றார்.

2003இல் வந்த கேனான் 300டிதான் அவரை உள்ளே அழைத்தது. பாடி மட்டும் 899 டாலர், 18-55 மி.மீ. லென்ஸோடு 999 டாலர். அதே ஆண்டின் உயர்ரக 10டியில் இருந்த 6.3 மெகாபிக்சல் சென்சார் இதிலும் இருந்தது. சிக்கனம் வேறு இடங்களில் நடந்தது: உடல் பிளாஸ்டிக், வியூஃபைண்டரில் கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதில் எடை குறைந்த ஆடிகள், ஃபோகஸ் முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி பூட்டப்பட்டிருந்தது. படத்தின் தரத்தில் கை வைக்காமல் விலையைக் குறைத்ததே அதன் சாதனை.

கூடவே வந்த லென்ஸ் வெறும் இலவச இணைப்பு அல்ல. சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது என்பதால், வீட்டில் இருந்த பழைய 28 மி.மீ. லென்ஸ் கேனானில் சுமார் 45 மி.மீ. போலக் காட்சியைக் குறுக்கிவிட்டது. அகலமாக எடுக்க 18 மி.மீ. தேவைப்பட்டது.

2004இல் நிகான் டி70 வந்தபின் "எந்தக் கேமரா?" என்ற கேள்வி உண்மையில் "எந்த மவுண்ட்?" (லென்ஸைப் பாடியில் பொருத்தும் அமைப்பு) என்பதாக மாறியது. இதன் வேர் ஃபிலிம் காலத்தில் இருக்கிறது. நிகான் 1959இல் கொண்டுவந்த எஃப் மவுண்டை ஆட்டோஃபோகஸ் வந்தபோதும் கைவிடவில்லை. பல ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களைப் பாடிக்குள் இருந்த மோட்டார்தான் சுழற்றியது. கேனானோ 1987இல் பழைய மவுண்டை அடியோடு விட்டுவிட்டு, மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்தது. அன்று பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய இழப்பு. ஆனால் புதிதாக வாங்குபவருக்கு அதுவே நன்மையாயிற்று: விலை மலிந்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் 300டியிலும் தானாக ஃபோகஸ் ஆனது.

2006இல் நிகான் டி40 பாடிக்குள் இருந்த மோட்டாரையே எடுத்துவிட்டது. கைக்கடக்கமான, பழக எளிதான, அருமையான கேமரா அது. ஆனால் விலையை மட்டும் பார்த்து அதை எடுத்தவர், நிகானின் 50 மி.மீ. எஃப்/1.8 டி லென்ஸை வாங்கி மாட்டியபோது ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டியிருந்தது. முதல் கேமராவோடு இரண்டாவது லென்ஸையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்தியதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை. அதே ஆண்டில் பென்டாக்ஸ் கே100டி, சோனி ஏ100 ஆகியவை கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதியைப் பாடிக்குள்ளேயே வைத்ததால் பழைய லென்ஸ்களுக்கும் அது கிடைத்தது.

2008இல் பானசோனிக் ஜி1 ஆடியில்லாக் கேமராக்களின் வழியைத் திறந்தது. நிகானின் தொடக்கநிலை வரிசை 2018இன் டி3500 உடனும், 300டியின் வழிவந்த வரிசை 2020இன் 850டி உடனும் நின்றன. கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியே அதன் ஆடியில்லாக் கேமராக்களில் தானாக ஃபோகஸ் ஆகின்றன. நிகானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லாததால், டி40இல் கையால் திருப்பிய அந்த 50 மி.மீ. லென்ஸை அதிலும் கையால்தான் திருப்ப வேண்டும்.