லயத்தில் முதியோர்க்கு இடம் ஏது?

தோட்டப்புறத்து முதியோர் படும் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘கலி முற்றிவிட்டது, பிள்ளைகளுக்குப் பெற்றோர்மீது பற்றில்லை’ என்று ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்துவிடுதல் நம்மவர் வழக்கமாய் இருந்துவருகின்றது. பிள்ளைகள் குற்றமற்றவர்கள் என்று வாதாட நாம் முன்வரவில்லை. தாயிடம் கைநாட்டு வாங்கிச் சேமநிதிப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு, பின்னர் அவளையே திண்ணைக்குத் தள்ளும் மகனை எவர் மன்னிப்பர்? ஆயினும், கலியின்மேல் பழி போடுவோர் ஒன்றைக் காணத் தவறுகின்றனர். உழைக்க வந்தவனுக்கு ஒருநாள் முதுமையும் வரும் என்பதைக் கணக்கிற்கொள்ளாமலே மலாயாவின் தோட்ட வாழ்வு அமைக்கப்பட்டது. தெலுக் இந்தான் நகரையும் அதனைச் சூழ்ந்த கீழ்ப் பேராக் தோட்டங்களையும் முன்வைத்து இதனை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வூர் 1882-ஆம் ஆண்டில் ஆன்சன் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரால் தெலுக் ஆன்சன் ஆயிற்று. நூறாண்டு கழித்து, 1982-இல், தெலுக் இந்தான் என்று பெயர் மாறிற்று. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து இரயில் வந்தது. ஆற்றோரச் சேற்றுநிலங்களில் ரப்பரும் தென்னையும் பரவின. அவற்றுக்குக் கங்காணிகள் ஊரூராய்ச் சென்று அழைத்து வந்தது யாரை? கையும் காலும் திடமாயுள்ள வாலிபரையே. அவர்களுக்கு லயத்தில் ஓர் அறை கிடைத்தது. அதுவும் பெரட்டில் பெயர் கூப்பிடப்படும் வரையில்தான். பெயர் நீங்கினால் அறையும் நீங்கும்.

அப்படியானால் உழைத்து ஓய்ந்தவன் எங்கே போவது? அன்றைய ஆட்சி இதற்குக் கண்ட விடை கப்பல். 1907-இல் ஏற்பட்ட இந்தியக் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகள் செலுத்திய தீர்வையால் நடந்தது. ஆட்களைக் கொண்டுவருவதற்கு மட்டுமன்றி, மூப்பாலும் பிணியாலும் வேலை செய்ய இயலாதாரைத் திருப்பியனுப்புவதற்கும் அந்நிதி பயன்பட்டது. செயலிழந்தோர்க்கு விடுதிகளையும் நடத்திற்று. ஆயினும் முப்பது நாற்பது ஆண்டு பால் வெட்டியவன் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கித் தன் கிராமத்துக்குப் போனால், அவனை இன்னான் என்று அறிந்தவர் எத்தனை பேர் இருப்பர்?

அக்காலத்துத் துரைமாரின் சொந்த நாடுகள் என்ன செய்தன என்பதையும் நோக்க வேண்டும். டென்மார்க் நாடு 1891-ஆம் ஆண்டிலேயே 60 வயது கடந்த ஏழைகளுக்கு, இரவலர் என்ற இழிபெயரின்றி உதவி வழங்கச் சட்டஞ்செய்தது. பிரிட்டன் 1908-இல் சட்டமியற்றி, 70 வயது எய்திய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை பென்ஷன் அளித்தது. அதே பிரிட்டிஷ் கொடியின்கீழ், அதே ஆண்டுகளில், இங்கே கூலிக்காரனின் முதுமைக்குக் கப்பல் சீட்டு! முதுமை உரிமைக்குரியது என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். அவ்வுரிமை தமிழனுக்கும் உண்டு என்பதைத்தான் அறிய விரும்பவில்லை.

தெலுக் இந்தானுக்கு அருகிலுள்ள ஜெண்டராட்டா தோட்டம், 1906-இல் ஓகே வெஸ்டன்ஹோல்ஸ் என்னும் டென்மார்க்குக்காரர் தொடங்கிய நிறுவனத்தைச் சேர்ந்தது. அதுவே பிற்காலத்தில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் ஆயிற்று. மருத்துவமனை, பள்ளிகள் ஆகியவற்றோடு, உறவினரற்ற முதிய தொழிலாளர்க்கு ஓர் இல்லமும் அந்நிறுவனம் நடத்திவந்துள்ளது. நல்லதை நல்லதென்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் ஒரு முதலாளி மனமுவந்து தருவது வேறு. எவரும் கேட்டுப் பெறத்தக்க உரிமை வேறு. பக்கத்துத் தோட்டத்துக் கிழவிக்கு ஜெண்டராட்டாவின் கூரை நிழல் தருமா?

1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற ஆட்குடியேற்றத்தை நிறுத்தியது. பின்னர் ஜப்பானியர் ஆட்சியில், சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. அவர்களை மகனாகவும் கணவனாகவும் இழந்த தாய்மாரும் மனைவியரும் லயங்களிலேயே முதுமையடைந்தனர். பால் வெட்ட வலுவிழந்த கிழவியர் பலர் ஆயாக் கொட்டகையில் பிறர் பிள்ளைகளைத் தொட்டிலாட்டிப் பிழைத்தனர். சொற்பக் கூலிதான், எனினும் அது அவர்களுக்கு ஒரு வேலையையும், ‘ஆயா’ என்ற மரியாதையையும், நாலு பேர் முகத்தில் விழிக்கும் வாய்ப்பையும் தந்தது.

1951-இல் ஊழியர் சேமநிதி வந்தது. பெரும் சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 55 வயதில் முழுத் தொகையையும் ஒரேயடியாக எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் ஓர் இடர் இருந்தது. வாழ்நாளெல்லாம் மொத்தப் பணத்தைக் கண்ணால் பாராத ஒருவரின் கையில், அவர் லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டிய அதே வேளையில், மொத்தப் பணம் வந்து சேர்ந்தது. மகனுக்கு மோட்டார் சைக்கிள், மகளுக்குச் சீர், கள்ளுக்கடை பாக்கி என்று அது கரைந்தபின், அவருக்கு வீடுமில்லை, மாதப் படியுமில்லை. மாதந்தோறும் வரும் பணத்தைப் பறிப்பவன் மாதந்தோறும் தாயைக் காப்பாற்றியாக வேண்டும். மொத்தத்தைப் பறித்தவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அடுத்து வந்தது தோட்டத் துண்டாடல். பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளியால் தோட்டங்களை வாங்கியிராவிடில் சிதறியோர் தொகை இன்னும் பெருகியிருக்கும். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையில்லாதார்க்கு வேலைச் சீட்டு வேண்டுமென்றது. அதனையடுத்து ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பினர். சென்னை மாகாணத்திலோ, காமராசர் ஆட்சியில், 1962 முதல் ஆதரவற்ற முதியோர்க்கு மாதம் 20 ரூபாய் அளிக்கப்பட்டு வந்தது. தொகை சிறிது, ஆயினும் அது மாதந்தோறும் வந்தது, முதியவரின் பெயரிலேயே வந்தது.

லயத்தில் சுவர் மெல்லியது. ஒரு கிழவி அடிபட்டால் பத்து வீட்டுக்குக் கேட்கும்; பாதி வீட்டார் ஓடிவந்து நியாயம் கேட்பர். பட்டணத்து அடுக்குவீட்டுக் கதவு மூடினால் கேட்பாரில்லை. அறுபது வயது கடந்தோரில் ஆறு பேருக்கு ஒருவர் ஓராண்டில் ஏதேனும் ஒரு கொடுமைக்கு ஆளாகின்றார் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. அடியும் உதையும் மட்டுமல்ல, வசைமொழியும் பணப்பறிப்பும் மருந்து வாங்கித்தராமையும் இதில் அடங்கும். பெரும்பாலானவை வெளிவருவதேயில்லை. உயிரோடிருக்கையில் ஒரு கண்ணாடி வாங்கித்தராத குடும்பம் கருமாதிக்குக் கடன் வாங்கிப் பந்தலிடுவதை இந்நாட்டில் நாம் காணாத ஆண்டில்லை. அக்கடனைக் கொடுப்பதற்கும், அப்பந்தியில் உண்பதற்கும் ஊரார் தயங்குவதுமில்லை!

சிங்கப்பூர் 1995-இலும் இந்தியா 2007-இலும், பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்டுப் பெறும் சட்டங்களை இயற்றின. நல்ல சட்டங்களே, ஆயினும் மகன்மேல் வழக்காட மனமொப்பும் தாய் எத்தனை பேர்? ஆதலின் அக்கம்பக்கத்தார் வாய்திறத்தலே நம் கருத்தில் முதன்மையானது. மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டும் உரியதென்று பலர் எண்ணுகின்றனர். தன்னைக் காத்துக்கொள்ள இயலாத முதியவரும், குடும்பத்தின் பிற உறுப்பினரும் அதில் அடங்குவர். 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவரின் உடைமையை வஞ்சகமாகக் கவர்ந்து அவரைத் துன்புறுத்துவதையும் வன்முறை என்றே கூறுகின்றது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுக்கும் அண்டைவீட்டார்மீது அவதூறு வழக்குத் தொடுக்க முடியாது என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. சமூகநல இலாகாவுக்குத் தகவல் சேர்ப்பிக்கும் தொலைபேசி எண் 15999. தெலுக் இந்தான் வட்டாரத்துக் கோயில் குழுவினரும் இளைஞர் மன்றத்தாரும் திருவிழாப் பட்டியல் ஒட்டும் பலகையில் இவ்வெண்ணையும் எழுதிவைப்பார்களாக.