தலைவிதியன்று, சட்டவிதி!

தொட்டிலிலே குழந்தை, தெருவிலே சிறுவர், தொழிலிலே ஆடவரும் மகளிரும், திண்ணையிலே முதியோர்! இத்தனை பேரும் கூடி வாழுமிடந்தான் ஊர். தென் ஆப்பிரிக்காவிலோ ஆடவர் மட்டுமே அடைந்து கிடந்த ஊர்கள் இருந்தன. மகளிரும் மழலைகளும் முதியோருமே மிகுந்திருந்த ஊர்களும் இருந்தன. முன்னது, பொன் விளைந்த விட்வாட்டர்ஸ்ராண்ட். பின்னது, பசி விளைந்த ஆப்பிரிக்கரின் ஒதுக்கு நிலங்கள்.

1886-இல் அங்கே பொன்வயல் கண்டனர். 1899-இல் ஏறத்தாழ 1 இலட்சம் ஆப்பிரிக்கர் அச்சுரங்கங்களில் உழைத்தனர். மொசாம்பிக்கிலிருந்து வந்தோரும் அவர்களுள் பலர். ஏறக்குறைய அனைவரும் ஆடவர். உடல் வலிமை குன்றாத வயதினர். மனைவி மக்களைப் பிரிந்து, தொழிலாளர் கொட்டடிகளில் தங்கினர்.

ஏன் வந்தனர்? பொன்மீது கொண்ட ஆசையாலா? அல்ல! குடியிருந்த குடிசைக்கு வரி, வரி செலுத்தப் பணம், பணத்துக்குச் சுரங்கம். 1913-ஆம் ஆண்டு நிலச்சட்டமோ, நாட்டின் பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கருக்கு நூற்றுக்குச் சுமார் 7 பங்கு நிலமே ஒதுக்கிற்று. உழ நிலமின்றிப் போனவன் சுரங்கத்தில் இறங்கினான்.

குடும்பத்தை ஏன் அழைத்து வரவில்லை? அனுமதிச் சீட்டுச் சட்டங்கள் வழிமறித்தன. ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளருள் நூற்றுக்கு 3 பேருக்கு மேல் குடும்பத்தோடு குடியமர்த்தலாகாது என்று வரம்பும் வகுத்தனர். முதலாளியின் கணக்கு எளியது: ஒற்றை ஆளுக்குரிய கூலி கொடுத்தால் போதும்; பிள்ளைகளையும் முதியோரையும் ஊரிலுள்ள பெண்ணின் மண்வெட்டி காப்பாற்றிக் கொள்ளும்! நுரையீரலில் கற்றூள் படிந்து இருமியவனும் அவளிடமே அனுப்பப்பட்டான். பொன் ஓரிடம், புண் ஓரிடம்!

வாய்மூடிக் கிடந்தனரா? இல்லை. 1946-இல் நாளொன்றுக்கு 10 ஷில்லிங் கூலி கேட்டு, 60,000-க்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். துப்பாக்கியும் தடியும் கொண்டு அதனை ஒடுக்கினர். 1956 ஆகஸ்ட் 9-இல் சுமார் 20,000 பெண்கள், தங்கள்மீதும் சுமத்தப்பட்ட அனுமதிச் சீட்டை எதிர்த்துப் பிரிட்டோரியாவுக்கு அணிவகுத்தனர். 1986-இல் அச்சட்டங்கள் நீங்கின.

மக்கட்கணக்கிலே ஆண், பெண், அகவை என்று வரும் எண்களை மேலோட்டமாகப் பார்த்து ஏட்டை மூடிவிடலாகாது, தோழர்களே! ஓர் ஊரில் பெண்கள் இல்லையெனில், அவர்கள் வேறோர் ஊரில் காத்திருக்கிறார்கள். இங்கே முதியோர் இல்லையெனில், இங்கு உழைத்து மெலிந்தவரை வேறெவரோ சுமக்கிறார்கள். இதைத் தலைவிதி என்போர் உண்டு. தலையிலே எவரும் எழுதவில்லை; சட்டப் புத்தகத்திலே எழுதினர். மனிதர் எழுதியதை மனிதரே அழித்தனர்!