வேலையிழப்பும் நஷ்டஈடும்: பீருமேட்டு மலைகளின் வரலாறு

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்திற்குச் செல்லும் வழிகளுள் இரண்டு நம் பேச்சுக்கு உரியவை. ஒன்று கோயமுத்தூரைக் கடந்து, வாளையாறு வழியே பாலக்காட்டுக் கணவாயினுள் சமதரையாகச் செல்வது. மற்றொன்று கம்பம், கூடலூரைத் தாண்டிக் குமுளி மலைமீது வளைந்து வளைந்து ஏறுவது. முதல் வழியே சென்ற தமிழருள் பலர் ஆலைத் தொழிலுக்குச் சென்றனர். இரண்டாம் வழியே சென்றவர் தேயிலைக்கும் ஏலத்திற்கும் சென்றனர். இரு சாராரும் பேசுவது ஒரே மொழி. இரு சாராரும் ஒரே தேசத்தின் பிரஜைகள். ஆயினும் வேலை நின்றுபோன மறுநாள் அவர்கள் கையில் எஞ்சுவது ஒன்றாக இருந்ததில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது என்பதையே இங்கே ஆராய எடுத்துக்கொண்டோம். பம்பாயிலும் டில்லியிலும் அகமதாபாத்திலும் வாழும் நேயர்களுக்கு இது அயலூர்ச் செய்தியாகத் தோன்றக்கூடும். ஆனால் நாம் சொல்லப்போகும் சட்டங்கள் அவர்கள் ஆலைகளுக்கும் காரியாலயங்களுக்கும் எழுதப்பட்ட சட்டங்களே.

மலைத்தோட்டங்களின் தொடக்க காலத்தில் வேலையிழந்தவனுக்கு ஏதேனும் தரவேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தனர். ஊரிலேயே முன்பணம் கொடுத்து, அக்கடனோடு மலையேற்றினர். ஆகவே வேலையை விட்டுச் செல்ல விரும்பியவனே தோட்டத்திற்குக் கடன்பட்டவனாக இருந்தான். பிரிட்டிஷ் இந்தியாவில் 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்று வேலையை விட்டுப் போனவனைச் சிறைக்கு அனுப்பவும் இடமளித்தது. அது 1926இல்தான் நடைமுறையினின்றும் நீங்கியது. வேலை போனால் நஷ்டம் முதலாளிக்கே என்று கருதிய காலம் அது.

அதே காலத்தில் உலகின் பிற பகுதிகளில் வேறொரு கருத்து வளர்ந்து வந்தது. பிரிட்டன் 1911இல் சில தொழில்களுக்கு மட்டும் வேலையின்மை இன்ஷூரன்ஸை ஏற்படுத்திற்று. 1919இல் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு வேலையின்மை பற்றி ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதனை 1921இல் ஏற்றுக்கொண்டது. 1938இல் அதிலிருந்து விலகியும் கொண்டது. சுதந்திரத்திற்குப் பின் வகுக்கப்பட்ட அரசியல் சட்டத்தின் 41ஆம் ஷரத்து, வேலையில்லாதார்க்குப் பொது உதவி கிடைக்கச் சர்க்கார் வகை செய்யவேண்டும் என்கிறது. கூடவே, நாட்டின் பொருளாதார சக்தியின் எல்லைக்குட்பட்டு என்றும் சொல்லிவிடுகிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை வழக்கறிஞர்களும் மந்திரிமார்களும் தத்தமக்கு வேண்டியபடி வரைந்துகொண்டனர் என்பது நம் அபிப்பிராயம்.

மெய்யான மாறுதல் 1953இல் வந்தது. துணிமில்களில் சரக்குத் தேங்கி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் நிலை உண்டாயிற்று. அப்போது ஸ்ரீ வி. வி. கிரி மத்தியத் தொழில் மந்திரி. அவ்வாண்டு அக்டோபர் மாதம் பிறந்த அவசரச் சட்டமும் அதனைத் தொடர்ந்து நிறைவேறிய திருத்தமும், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயத்தைச் சேர்த்தன. ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் என்று எழுதப்பட்ட அதன் பகுதி, 1954 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தோட்டங்களுக்கும் நீட்டப்பட்டது. தோட்டத் தொழிலாளர் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே தேதியில்தான். 1952இல் தேயிலை விலை சரிந்து, வடகிழக்கில் பல தோட்டங்கள் மூடப்பட்ட கசப்பு அப்போது எல்லோர் நினைவிலும் இருந்தது.

இவ்விடத்தில் சில சொற்களைப் பற்றிச் சிறிது நின்று சொல்லவேண்டும். சர்க்கார் ஏடுகளை மொழிபெயர்க்கும் எம்போன்றோர்க்கு இது தொழிற்பழக்கம், நேயர்கள் பொறுத்துக்கொள்வார்களாக. அச்சட்டம் மூன்று நிலைகளை வேறுபடுத்திற்று. வேலையில்லாமையால் தற்காலிகமாக நிறுத்திவைத்தல் ஒன்று. மிகையான ஆட்களை அடியோடு நீக்கும் ஆட்குறைப்பு மற்றொன்று. தொழிலையே நிறுத்திவிடும் மூடல் மூன்றாவது. கதவடைப்பு என்பது தகராற்றின்போது முதலாளி கையாளும் ஆயுதம். அது இவற்றுள் சேராது. தமிழ்ப் பேச்சில் நான்கையும் சேர்த்து 'வேலை போச்சு' என்று சொல்லிவிடுகிறோம். பேச்சுக்கு அது போதும். பணம் கேட்கும் மனுவுக்குப் போதாது. எந்தச் சொல் எழுதப்படுகிறதோ, அந்தச் சொல்லுக்கு உரிய தொகைதான் கிடைக்கும்.

நிறுத்திவைக்கப்பட்டவனுக்கு அடிப்படைக் கூலியிலும் பஞ்சப்படியிலும் பாதி என்றது சட்டம். அதைப் பெற அவன் நாள்தோறும் ஒருமுறையேனும் குறித்த நேரத்தில் வேலைத்தலத்திற்கு வந்து நின்றிருக்கவேண்டும். ஐந்து மைல் சுற்றளவில் அதே முதலாளி தகுந்த மாற்று வேலை கொடுத்தால் மறுக்கக்கூடாது. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்பும், வேலைசெய்த ஒவ்வொரு பூர்த்தியான ஆண்டுக்கும் 15 நாட் சம்பளமும் தரவேண்டும். ஓராண்டு சேவை என்பதற்கு 240 நாள் வேலை அளவுகோலாயிற்று. தோட்டத்து மக்கள் 'செக்ரோல்' என்று சொல்லும் வருகைப் பதிவேடு, அன்றுமுதல் கூலிக் கணக்கு என்ற நிலையைக் கடந்து, ஒரு குடும்பத்தின் சொத்துப் பத்திரம் போல் ஆயிற்று.

மூன்றாம் நிலையாகிய மூடலுக்கு இந்த நஷ்டஈடு உண்டா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டை எட்டியது. 1956 நவம்பரில் அந்நீதிமன்றம், தொழில் முழுவதையும் நிறுத்துவது ஆட்குறைப்பு ஆகாது எனத் தீர்ப்பளித்தது. ஒருவனை நீக்கினால் பணம் தரவேண்டும். எல்லோரையும் நீக்கிவிட்டால் தரவேண்டியதில்லை என்பதாக அதன் விளைவு அமைந்தது. பார்லிமெண்டு தாமதிக்கவில்லை. 1957இல் சட்டம் திருத்தப்பட்டு, மூடலுக்கும் அதே 15 நாட் கணக்கு விதிக்கப்பட்டது. முதலாளியின் சக்திக்கு அப்பாற்பட்ட காரணத்தால் மூடினால் மட்டும் மூன்று மாதச் சம்பளத்திற்கு மேற்படாமல் கொடுக்கலாம். நஷ்டம் வந்தது, சரக்குத் தேங்கியது என்பவற்றை மட்டும் அத்தகைய காரணமாகக் காட்டக்கூடாது என்ற விளக்கமும் உடன் சேர்ந்தது. இப்படிப்பட்ட தெளிவான வாக்கியங்களை மொழிபெயர்ப்பது ஓர் இன்பம்.

இதற்கு அடுத்த படியைக் கேரளமே முன்னின்று எடுத்துவைத்தது. 1956 நவம்பர் முதல் தேதி ராஜ்யங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, சென்னை ராஜ்யத்து மலபாரில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூரில் இருந்த பீருமேடு, தேவிகுளம் தாலுக்காக்களும் கேரளத்திற்குள் வந்தன. அந்த ராஜ்யம் 1969ஆம் ஆண்டின் பெயரால் தொழிலாளர்க்குக் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடைச் சட்டம் ஒன்றை இயற்றியது. மேற்கு வங்கம் பின்தொடர்ந்தது. 1972இல் மத்திய சர்க்கார் தேசம் முழுமைக்கும் அதனைப் பொதுவாக்கிற்று. ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தவர்க்கு, ஆண்டொன்றுக்கு 15 நாட் கூலி உரியதாயிற்று.

கணக்கிட்டுப் பார்ப்போம். முப்பது ஆண்டு கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்குப் பணிக்கொடை 450 நாட்கூலி. தோட்டம் மூடப்பட்டால் நஷ்டஈடு மற்றுமொரு 450 நாட்கூலி. ஆக 900 நாட்கூலி. சொந்த ஊரில் ஒரு துண்டு நிலமும் இல்லாதவளுக்கு, மலையிறங்கி வீடு கட்டிக்கொள்ள இருந்த ஒரே முதல் அதுதான்.

தரவேண்டியவன் தராவிடில் என்ன செய்வது? சட்டம் அதற்கும் வழி வைத்திருந்தது. தொழிலாளர் இலாகா அதிகாரியிடமோ தொழில் நீதிமன்றத்திடமோ மனுச்செய்து தொகையை நிர்ணயம் செய்துகொள்ளலாம். பிறகு கலெக்டர் அதனை நிலவரி பாக்கியைப் போல வசூலித்துத் தருவார். 1976இல் இன்னொரு காவலும் ஏற்பட்டது: பெரிய தோட்டத்தை மூட விரும்புவோர் 90 நாளைக்கு முன்பே சர்க்காரிடம் அனுமதி கேட்கவேண்டும். ஏட்டளவில் பார்த்தால் ஒரு துவாரமும் இல்லாத வேலி.

அந்த வேலி 2000ஆம் ஆண்டின் இறுதியில் பீருமேட்டில் சோதனைக்கு உள்ளாயிற்று. 1991இல் சோவியத் நாடு கலைந்தபின் தென்னிந்தியத் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டங்கண்டது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் விலை வீழ்ந்தது. ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு வட்டாரங்களில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மூடுவதற்கு அனுமதி கேட்டு, கணக்குத் தீர்த்து, கதவைச் சாத்தியிருந்தால் மேலே சொன்ன சட்டங்கள் எல்லாம் உயிர்பெற்றிருக்கும். அவ்வாறு நடக்கவில்லை. நிர்வாகம் அறிவிப்பின்றி அகன்றது. கூலி பாக்கி நின்றது, ஆஸ்பத்திரி நின்றது, பல லயங்களுக்குத் தண்ணீரும் விளக்கும் நின்றன.

இங்கேதான் சொற்களின் கொடுமை புலப்படுகிறது. தோட்டம் சட்டப்படி மூடப்படவில்லை. தொழிலாளி சட்டப்படி நீக்கப்படவும் இல்லை. நிறுத்திவைத்திருப்பதாக எழுதித்தரவும் ஆளில்லை. மூன்று சொற்களில் ஒன்றும் பொருந்தாத நான்காவது நிலையொன்று, கைவிடல் என்பது, தானே முளைத்துவிட்டது. பதிவேட்டில் பெயர் இருக்க, கூலி மட்டும் இல்லை. லயத்து வீட்டைக் காலிசெய்து ஊர் திரும்பினால் உரிமை போய்விடுமோ என்று அஞ்சிப் பல குடும்பங்கள் ஒழுகும் கூரையின்கீழேயே இருந்தன. இளைஞர் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கினர். எஞ்சியோர்க்குத் தொழிற்சங்கங்கள் தேயிலைச் செடிகளைப் பங்கிட்டுக் கொடுத்தன. தாமே கொழுந்து பறித்து விற்று அவர்கள் காலங்கழித்தனர். ராஜ்ய சர்க்கார் இலவச அரிசியும் ஓணத்தை ஒட்டிச் சிறு உதவித்தொகையும் வழங்கிற்று. அது கருணை, கேட்டவர்கள் கேட்டது பாக்கி.

கலெக்டரின் வசூலும் எளிதாக இல்லை. ஜப்தி செய்யக்கூடிய நிலத்தின்மீது வேறு கடன்களும் வழக்குகளும் படிந்திருந்தன. மனுச்செய்ய வந்தவர்க்குச் சொந்தத் தாள்களே முட்டுக்கட்டையாயின. செக்ரோலில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் இன்னொரு பெயர். பிறந்த தேதியோ தோட்டத்து எழுத்தர் அந்நாளில் உத்தேசமாக இட்டது. படிவங்கள் மலையாளத்தில் இருந்தன. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, அங்குள்ள தமிழரும் கன்னடியரும் ராஜ்ய சர்க்காருக்குத் தம் மொழியிலேயே எழுதி, அம்மொழியிலேயே பதில் பெறும் உரிமை உண்டு. அந்த உரிமையை அறிந்து பயன்படுத்தியவர் மிகச் சிலரே என்பது நம் எண்ணம்.

அதே ஜில்லாவின் மூணாற்றில் வேறு விதமாக நடந்தது. அங்கே பெருந்தோட்டத்தை நடத்திவந்த கம்பெனி 2005இல் விலக, தொழிலாளர்களே பெரும்பங்கு வகிக்கும் புதிய கம்பெனி பொறுப்பேற்றது. அது குறையற்ற ஏற்பாடு என்று நாம் சொல்லமாட்டோம். கூலி பற்றியும் போனஸ் பற்றியும் 2015இல் பெண் தொழிலாளர்கள் திரண்டெழுந்து போராடியதை நாடே பார்த்தது. எனினும் அங்கே போராடுவதற்கு எதிரில் ஒரு நிர்வாகம் இருந்தது.

கைவிடப்பட்ட தோட்டங்களின் வழக்கு 2006இல் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. உணவு, விவசாயத் தொழிலாளரின் சர்வதேசச் சங்கமும் பிறரும் அதைத் தொடுத்தனர். அத்தகைய தோட்டங்களின் நிர்வாகத்தை மத்திய சர்க்கார் ஏற்பதற்குத் தேயிலைச் சட்டத்திலேயே இடமிருக்கிறது; அந்தக் கடமையைச் செய்க என 2010 ஆகஸ்டில் நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்தாண்டுகள் கழிந்தும் பாக்கி தீரவில்லை. கேரளம் உட்பட நான்கு ராஜ்யங்களின் தோட்டங்களில் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கணக்கிட, 2020இல் ஓய்வுபெற்ற நீதிபதி அபய் மனோகர் சப்ரே ஒருநபர் குழுவாக நியமிக்கப்பட்டார்.

இனி வாளையாற்று வழிக்குத் திரும்புவோம். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டின் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்து, குறித்த சம்பள வரம்புக்குள் இருப்பவனுக்கு ஈ.எஸ்.ஐ. எண் ஒன்று உண்டு. 1948இல் சட்டமாகி, 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955இல் கோயமுத்தூரை எட்டிய அத்திட்டம், நெடுங்காலம் நோய்க்கும் விபத்துக்கும் பிரசவத்திற்குமே உதவிற்று. 2005 ஏப்ரல் முதல், ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலையிழந்தவர்க்கும் சிலகாலம் உதவித்தொகை அளித்தது. 2018இல் வேறொரு திட்டமும் சேர்ந்தது: வாழ்நாளில் 90 நாள்வரை சராசரிச் சம்பளத்தில் கால்பங்கு, தொற்றுநோய்க் காலமாகிய 2020இல் அது அரைப்பங்கு ஆயிற்று. தொகை சிறிது. ஆனால் அதைத் தருவது ஒரு பொது நிதி. முதலாளி ஓடிவிட்டாலும் அந்த நிதி ஓடுவதில்லை.

குமுளி ஏறியவர்க்கு அந்த எண் இல்லை. ஈ.எஸ்.ஐ. சட்டம் தோட்டங்களுக்குச் சென்றதே இல்லை. தோட்டத்துக்குத் தனி ஆஸ்பத்திரி உண்டு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆஸ்பத்திரியும் முதலாளியோடு போய்விடும் என்று அக்காலத்தில் யாரும் நினைக்கவில்லை போலும். பழைய சட்டங்களின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆட்குறைப்புக்கு உள்ளானவர்க்கு முதலாளி செலுத்தும் 15 நாட் சம்பளத்தில் மறுபயிற்சி நிதி ஒன்றை அவை ஏற்படுத்துகின்றன. தோட்டங்களுக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு என்கின்றன. ஆனால் முதலாளி விரும்பி ஏற்றால்தான்.

பீருமேட்டிலிருந்து இறங்கியவர்களின் மக்கள் இன்று பல ராஜ்யங்களில் வாழ்கின்றனர். இச்சிறு நூல் அவர்களில் சிலர் கைக்கும் எட்டலாம். தாயோ தந்தையோ பணிக்கொடை பெறாமலே இறந்திருந்தால், நியமனம் பெற்றவரோ வாரிசோ அதனைக் கோர 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. குறித்த காலத்துக்குள் மனுச்செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் கோரிக்கை செல்லாததாகிவிடாது என்று அதன் மத்திய விதிகளும் சொல்லின. அம்மனுவுக்கு முதலில் வேண்டியது பழைய சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதி எண், செக்ரோல் எண் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று. அது பெட்டியின் அடியில் பழைய துணிகளுக்கிடையே கிடக்கக்கூடும்.