நாணயச் செல்லுபடி விதிகள் (இந்தியா)

நாணயச் செல்லுபடி விதிகள் என்பவை எந்தெந்த நாணயங்கள், எவ்வளவு தொகை வரை சட்டப்படி பணமாகச் செல்லும் என்பதை வரையறுப்பவை. இந்தியாவில் இவை 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் உள்ளன.

வரம்புகள்

ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் கொண்ட நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலும், 50 காசு நாணயம் 10 ரூபாய் வரையிலும் செல்லும். நாணயம் சிதைக்கப்படாமலும், தேய்ந்து எடை குறையாமலும் இருக்க வேண்டும். 25 காசும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆயின. 50 காசு இன்றும் செல்லும். ஒரு ரூபாய்த் தாளை அரசே வெளியிடுவதால் சட்டம் அதையும் நாணயமாகவே கொள்கிறது.

1906-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரூபாய் நாணயத்துக்கு உச்சவரம்பு கிடையாது. 1,000 ரூபாய் வரம்பு புதிய சட்டத்தில் வந்தது. பெறுபவர் இசைந்தால் அதற்கு மேலும் கொடுக்கலாம். 2022-இல் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் சேலத்தில் பத்து ரூபாய் நாணயங்களாகவே ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய் கொடுத்துக் கார் வாங்கினார். வங்கியில் வாடிக்கையாளர் செலுத்தும் நாணயங்களுக்கு ரிசர்வ் வங்கி வரம்பு எதுவும் வைக்கவில்லை.

பத்து ரூபாய் நாணய மறுப்பு

பத்து ரூபாய் நாணயம் பல வடிவங்களில் வெளிவந்தது. ரூபாய்க் குறியீடு 2011-இல்தான் நாணயங்களில் இடம்பெற்றதால், அதற்கு முந்தையவற்றில் அது இல்லை. குறியீடு இல்லாதவை போலி என்ற வதந்தி பரவ, தமிழகத்தின் பல ஊர்களில் கடைக்காரர்களும் கண்டக்டர்களும் அவற்றை வாங்க மறுத்தனர். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17-இல் வெளியிட்ட அறிவிப்பில், அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று தெளிவுபடுத்தியது.

நடைமுறை

நாணயங்களை அச்சிடுவது மத்திய அரசு. புழக்கத்தில் விடுவது ரிசர்வ் வங்கி. உருக்குவதற்கும் அழிப்பதற்கும் நாணயச் சட்டத்தில் தண்டனை உண்டு. வாங்க மறுப்பதற்கென்று அதில் தனித் தண்டனை இல்லை. ஆகவே இவ்விதி மக்களின் நம்பிக்கையைக் கொண்டே நிலைக்கிறது.

மறுப்பின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையின் பெருந்தொகைகளை அது தொடுவதில்லை. குரங்கணி போன்ற மலையடிவார ஊர்களில் பேருந்துக்கும் தேநீருக்கும் சில்லறை கொடுக்கும் தோட்டத் தொழிலாளிக்கோ, கையிலுள்ள நாணயம் மறுக்கப்பட்டால் உழைத்த கூலியில் ஒரு பகுதியே பயனற்றுப் போகிறது. செல்லும் நாணயத்தைத் தயங்காமல் வாங்குவது அந்தக் கூலிக்குச் செய்யும் நியாயம்.