பறிமுதல் செய்த நாவலும் குறிஞ்சித்தேனும்

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், போடவில்லை. மஞ்சூர் பக்கம் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து நடந்து பள்ளிக்கு வந்த பிள்ளை. இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஒரு காதல் நாவல் எழுதி, சொந்தப் பணத்தில் அச்சடித்து, கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறாளாம். "என் புத்தகத்தை வாங்குங்கன்னு நானே எப்படி டீச்சர் கேக்குறது? அதுவும் லவ் ஸ்டோரி. சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏன் என்றால், 2006-ல் எட்டாம் வகுப்பில் சமூக அறிவியல் புத்தகத்துக்கு நடுவில் அவள் வைத்துப் படித்த ரமணிசந்திரன் நாவலைப் பிடுங்கியவள் நான்தான். மலையில் குறிஞ்சி பூத்த வருடம் அது, அதனால் நன்றாக நினைவிருக்கிறது. "இதெல்லாம் படிச்சு உருப்படுவியா?" என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து அதை நானே படித்து முடித்தேன். திருப்பிக் கொடுக்கவே இல்லை. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை இன்றைக்கு இங்கே சொல்லிவிட்டேன்.

அவளுக்குப் போனில் சொல்ல வராததை எழுதுகிறேன். பெண்கள் எழுதிய கதை தமிழில் எப்படி விற்றது என்ற கதை இது.

வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. முதலில் கதையை அவர் வாயால் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதிக் கொடுத்தார். பிறகுதான் தானே எழுதப் பழகினார். 1925-ல், நின்று போயிருந்த 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை வாங்கி, தன் 'வைதேகி' நாவலை அதில் தொடராகப் போட ஆரம்பித்தார். யோசித்துப் பாருங்கள். நாவலை எங்கே கொடுப்பது, யார் போடுவார்கள் என்று காத்திருக்காமல் பத்திரிகையையே வாங்கிவிட்டார்! தன் கதைக்குத் தானே ஆசிரியர், தானே வெளியீட்டாளர். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்ற ஏச்சுக்குக் குறைவில்லை. அவர் நிறுத்தவில்லை. மேடையில் பாடினார், பேசினார், சுதந்திரப் போராட்டத்தில் 1932-ல் சிறைக்கும் போனார். மொத்தம் 115 நாவல்கள். அவர் காலத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நமக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது.

அடுத்த தலைமுறைக்கு அந்த வேலையை வாரப் பத்திரிகைகள் எடுத்துக்கொண்டன. புதுத் தொடர் வருகிறது என்று சில வாரம் முன்பே விளம்பரம் போடுவார்கள். பிறகு ஓவியரின் படத்தோடு வாரம் ஓர் அத்தியாயம், மிகச் சரியான இடத்தில் 'தொடரும்'. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' கல்கியில் வந்தபோது, பிறந்த பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று அந்தக் கதைப் பெயர்களையே வைத்தார்கள். உங்களில் சிலருடைய அப்பா அம்மா பெயர் அதுதானே? போய்க் கேளுங்கள். என் கூடப் படித்தவர்களிலேயே இரண்டு பூரணி உண்டு.

என் அத்தைக்குத் தொடர்களைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்யும் வழக்கம். 1981-ல் எனக்கு மலையில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, தகரப் பெட்டியில் இரண்டு ஸ்வெட்டருக்கு நடுவில் அப்படி ஒரு பைண்டு புத்தகத்தை வைத்துக் கொடுத்தார். "நீ போற ஊர் கதைதான், படி" என்றார். ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்'.

மேட்டுப்பாளையத்தில் காலையில் ரயில் ஏறினேன். நான் பார்த்த முதல் மலை அதுதான். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்துப் பல்லைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஏறும். 46 கிலோமீட்டர், 16 குகை, 200-க்கு மேல் வளைவு. ஊட்டி போக அரை நாள் ஆகும். குகைக்குள் இருட்டும்போது பக்கத்தில் விரலை வைத்து மூடிக்கொள்வேன், வெளிச்சம் வந்ததும் விட்ட வரியிலிருந்து படிப்பேன். கரித்தூள் விழுந்து அந்தப் பக்கங்கள் இன்னும் கறுப்பாக இருக்கின்றன. குன்னூரில் இறங்கி டீ குடித்தபோது அழுதுகொண்டிருந்தேன். வீட்டை விட்டு வந்த அழுகையா, கதையில் வரும் பாருவுக்கான அழுகையா என்று கேட்டால் இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். இது படகர் குடும்பத்துக் கதை. பாரு, ஜோகி, ரங்கன் என்ற மூன்று பேருக்கு நடுவில் ஒரு காதல், அது கைகூடாமல் போவது, அதற்குப் பிறகும் வாழ்வது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சிதான் கதையின் கடிகாரம். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இடையில் ராகியும் சாமையும் விளைந்த நிலத்துக்கு உருளைக்கிழங்கும் தேயிலையும் வருகின்றன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், அணை வருகிறது, மின்சாரம் வருகிறது.

ராஜம் கிருஷ்ணன் திருச்சி பக்கம் முசிறியில் 1925-ல் பிறந்தவர். அவருக்கும் பதினைந்து வயதில் கல்யாணம், பெரிய படிப்பு கிடையாது. கணவர் மின்சாரப் பொறியாளர். கனடா நாட்டு உதவியோடு குந்தா மின் திட்டம் நடந்த காலத்தில் அவரோடு இந்த மலைக்கு வந்தார். வந்த இடத்தில் குவார்ட்டர்ஸுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவில்லை. ஹட்டிகளுக்குப் போனார், பெண்களோடு உட்கார்ந்து பேசினார், சடங்கு, சாப்பாடு, பாட்டு எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிற்பாடு இதே பழக்கத்தில் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்க் 'கரிப்பு மணிகள்', சம்பல் பள்ளத்தாக்குக்கே போய் 'முள்ளும் மலர்ந்தது' என்று எழுதினார். 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973-ல் சாகித்திய அகாதெமி விருது.

எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். என்னுடன் வேலை பார்த்த படக ஆசிரியை ஒருவர் அந்த பைண்டு புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, "எங்க வீட்டுல இப்படிப் பேச மாட்டோம் டீச்சர்" என்று சில இடங்களைக் காட்டினார். ஆனால் புத்தகத்தை மூன்று மாதம் கழித்துத்தான் கொடுத்தார். அவர் வீட்டில் நாத்தனார், அம்மா என்று ஒரு சுற்று போயிருக்கிறது. ஆனந்தகிரியிலோ சென்னையிலோ எந்தக் கடையும் விற்றுக் கொடுக்காத வியாபாரம் அது.

நடுவில் இன்னொரு மாற்றம். 1969-ல் 'ராணிமுத்து' வந்தது. முழு நாவல் ஒரே புத்தகமாக, மலிவு விலையில், பெட்டிக்கடையில் தொங்கும். பின்னால் 'மாலைமதி' போன்றவையும் சேர்ந்துகொண்டன. புத்தகக் கடையே இல்லாத ஊர்களுக்கும் நாவல் போனது இப்படித்தான். ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் 1859-ல் ஆரம்பித்த நீலகிரி லைப்ரரி இருக்கிறது, அழகான கட்டடம். தேயிலை பறிக்கிற அம்மாவுடைய மகள் அங்கே போய்ப் புத்தகம் எடுக்க முடியுமா? அவளுக்கு லைப்ரரி என்றால் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைதான். நான் பிடுங்கிய நாவலும் அங்கே வாங்கியதுதானாம். மஞ்சூர் பஸ்ஸுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து, நடந்து வந்து, வாங்கியிருக்கிறாள். இதைப் போன வாரம்தான் சொன்னாள்.

இவ்வளவு எழுதிய ராஜம் கிருஷ்ணனுக்குப் புத்தகம் என்ன கொடுத்தது என்றும் சொல்ல வேண்டும். குழந்தைகள் இல்லை. கணவர் போன பிறகு வீடும் இல்லாமல் பணமும் இல்லாமல் கடைசியில் சென்னையில் முதியோர் இல்லத்தில் இருந்தார். உயிரோடு இருக்கும்போதே அவர் எழுத்துகளை அரசு 2009-ல் நாட்டுடைமை ஆக்கியது. வழக்கமாக எழுத்தாளர் இறந்த பிறகு செய்வது அது. 2014 அக்டோபரில் காலமானார். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று கறுப்பு படிந்த பைண்டு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னைப் போல எத்தனை பேர் கடன் வாங்கியும் கிழித்துச் சேர்த்தும் படித்தோம், அவர் கைக்கு எங்களால் ஒரு ரூபாயாவது போயிருக்குமா என்று தோன்றியது. ஒரு கடிதம்கூட நான் போட்டதில்லை.

அதனால்தான் கண்ணு, உன் புத்தகத்தை நீயே விற்பதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நீ கூச்சப்பட்டால் நான் விற்கிறேன். முதல் நான்கு அத்தியாயம் வாட்ஸப்பில் அனுப்பினாள், படித்தேன். இரண்டாவது அத்தியாயம் இழுக்கிறது, அவளிடமே சொல்லிவிட்டேன். ஆனால் மட்டம் போடும் கொழுந்து மூட்டையோடு மழையில் ஒரு பெண் நிற்கும் இடம் வருகிறது பாருங்கள், அதை அந்த லைன் வீட்டில் வளர்ந்தவளால் மட்டும்தான் எழுத முடியும்.

ஐந்து பிரதிக்குப் பணம் அனுப்பிவிட்டேன். வேண்டியவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அவள் நம்பர் தருகிறேன். இனாமாகக் கேட்காதீர்கள், முக்கியமாக உறவினர்கள். 'குறிஞ்சித்தேன்' நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்திலேயே தேடிப் படிக்கலாம்.

இன்னொரு உதவி. நான் பிடுங்கிய அந்த நாவலின் தலைப்பு எனக்கு மறந்துவிட்டது, அவளுக்கு நினைவிருக்கிறது. இன்பாக்ஸில் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பிரதி ஏதாவது இருந்தால் அனுப்பி வையுங்கள். தபால் செலவு என்னுடையது.