விமானச் சத்தமும் வகுப்பறையும்: வானத்தின் சட்டம் வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்து உட்காரும்போது நிதானமாகப் படியுங்கள்.

லாஸ்பேட்டை விமான நிலைய ஓடுபாதையை நீட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் நம் மண்ணாடிப்பட்டு, திருக்கனூர் பிள்ளைகள் என்னிடம் இரண்டு விதமாகக் கேட்கிறீர்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள், "இனி மெட்ராஸ் போய் விமானம் ஏற வேண்டாமே டீச்சர்" என்கிறீர்கள். அந்தப் பக்கம் மனை வாங்கியவர்கள், "சத்தம் அதிகமாகுமா டீச்சர்" என்கிறீர்கள். இரண்டுமே நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன், விமானச் சத்தத்தை உலகம் எப்படிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது என்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். வரலாறு தெரிந்தால் அரசாங்கத்திடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். பம்பாயில் இருந்து நெவில் வின்சென்ட் அதை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானம். ஊர் மக்கள் வேடிக்கை பார்க்க ஓடி வந்த காலம் அது. அடுத்த இரண்டு ஆண்டில் வெள்ளைக்காரன் அரசு விமானச் சட்டம், 1934 என்று ஒன்று போட்டது. அதில் 17-வது பிரிவு என்ன சொன்னது தெரியுமா? நியாயமான உயரத்தில் விமானம் பறந்தால், அது என் நிலத்துக்கு மேலே பறக்கிறது, எனக்குத் தொல்லை என்று அந்தக் காரணத்துக்காக மட்டும் யாரும் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது என்றது. தொழில் வளரட்டும் என்று போட்ட பிரிவு. அன்றைக்குப் பறந்த விமானங்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் தொண்ணூறு ஆண்டு நம்மோடு இருந்தது. அதன் இடத்தில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2025 ஜனவரியில்தான்.

அமெரிக்காவில் கதை வேறு விதமாகப் போனது. வட கரோலினா மாநிலத்தில் காஸ்பி என்று ஒரு கோழிப்பண்ணைக்காரர். பக்கத்து விமான நிலையத்தை இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் குத்தகைக்கு எடுத்தது. குண்டுவீச்சு விமானங்கள் அவர் வீட்டுக் கூரைக்கு 67 அடி உயரத்தில் இறங்கின. கோழிகள் மிரண்டு சுவரில் மோதி மோதிச் செத்தன. சுமார் 150 கோழிகள். பண்ணையையே மூட வேண்டியதாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1946-ல் தீர்ப்பு வந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரனுக்கு ஆகாயம் முழுக்கச் சொந்தம் என்ற பழைய கொள்கை இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்றார்கள். ஆனால் இவ்வளவு தாழ்வாகவும் அடிக்கடியும் பறந்து நிலத்தைப் பயனில்லாமல் ஆக்கினால், அது நிலத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம், இழப்பீடு கொடு என்றும் சொன்னார்கள். விமானத்துக்கும் வழி, வீட்டுக்காரனுக்கும் நியாயம். இந்தத் தீர்ப்பை வகுப்பில் கதையாகவே சொல்லலாம்.

பிறகு ஜெட் விமானம் வந்தது. சத்தம் பல மடங்கானது. லண்டன் ஹீத்ரோவில் 1962 முதலே இரவு விமானங்களுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஜப்பானில் ஒசாகா விமான நிலையத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் 1969-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். 1981-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பட்ட கஷ்டத்துக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. விமானத்தை நிறுத்த உத்தரவிட மறுத்தது. ஆனாலும் அந்த விமான நிலையம் இன்றைக்கும் இரவு ஒன்பது மணிக்கு மேல் இயங்குவதில்லை. அந்த ஊருக்குப் புதிய விமான நிலையம் வேண்டும் என்றபோது கடலுக்குள் செயற்கைத் தீவு போட்டுக் கட்டினார்கள். கன்சாய் என்று பெயர். 1994-ல் திறந்தார்கள். ஊருக்கு நடுவே சத்தத்தை வளரவிட்டால், கடைசியில் கடலைத் தூர்க்கும் செலவில் போய் நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

1971-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமான எஞ்சின்களின் சத்தத்துக்கு அளவு வைத்தது. படிப்படியாக அதை இறுக்கியதால் இன்றைய விமானங்கள் அந்தக் காலத்து ஜெட்டைவிட எவ்வளவோ அமைதியானவை. 2001-ல் அதே அமைப்பு நான்கு வழிகளைச் சேர்த்துக் கையாளச் சொன்னது. ஒன்று, எஞ்சினின் சத்தத்தைக் குறைப்பது. இரண்டு, விமான நிலையத்தைச் சுற்றி எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று நிலத்தைத் திட்டமிடுவது. மூன்று, ஏறும் இறங்கும் முறையை மாற்றுவது. நான்கு, இரவுத் தடை போன்ற கட்டுப்பாடுகள். இதில் இரண்டாவது வழியை ஊர் வளர்வதற்கு முன்னால் செய்தால்தான் உண்டு. மற்ற மூன்றையும் பிறகும் செய்யலாம்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்தன. பள்ளிக்கூடம், மருத்துவமனை சுற்றி அமைதி மண்டலத்துக்கு 50, 40. விமான நிலையத்துக்கென்று தனி அளவு 2018 ஜூனில்தான் வந்தது. ஆண்டுக்கு 50,000 முறைக்கு மேல் விமானம் ஏறி இறங்கும் பெரிய நிலையங்களைச் சுற்றிப் பகலில் 70, இரவில் 65. மற்ற நிலையங்களுக்கு 65, 60.

கணக்குப் பிடிக்காதவர்களும் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். 55-க்கும் 65-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. இரவில் 45-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் சுமார் முப்பது மடங்கு.

இன்னொன்றும் உண்டு. இந்த அளவெல்லாம் பல மணி நேரத்துக்கான சராசரி. சராசரி என்ன செய்யும் என்று மார்க் ஷீட் எழுதிய எனக்குத் தெரியும். ஐந்து பாடத்தில் நூறு, ஒரு பாடத்தில் பூஜ்யம் வாங்கிய பிள்ளையின் சராசரி 83. ஆனால் அந்தப் பிள்ளை தேர்ச்சி பெறவில்லை! விமானமும் அப்படித்தான். அரை நிமிடம் காது கிழியும், பிறகு அமைதி. சராசரி அளவுக்குள் அடங்கிவிடும். கைக்குழந்தை அந்த அரை நிமிடத்தில் விழித்துவிடும்.

விமான நிலையத்துப் பக்கம் வீடு கட்டினால் உயரத்துக்குத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். விமானத்துக்கு வீட்டால் ஆபத்து வரக்கூடாது என்று கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். வீட்டுக்கு விமானத்தால் வரும் தொல்லையையும் அதே கண்டிப்போடு பார்த்தால் என்ன என்பதே என் கேள்வி. சென்னையில் பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம் குடியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

டீச்சராக எனக்குள்ள கவலை பள்ளிக்கூடத்தைப் பற்றியது. ஜெர்மனியில் மியூனிக் நகரத்தின் பழைய விமான நிலையத்தை 1992-ல் மூடிவிட்டு வேறு இடத்தில் புதியதைத் திறந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதற்கு முன்பும் பின்பும் இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் சோதித்தார்கள். பழைய இடத்தில் சத்தம் நின்றதும் பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின. புதிய இடத்தில் சத்தம் வந்ததும் அதே இரண்டும் குறைந்தன. 2005-ல் நெதர்லாந்து, ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 2,800 பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வும் இதையே சொன்னது. விமானச் சத்தம் கூடக்கூட, படித்ததைப் புரிந்துகொள்ளும் திறன் குறைகிறது.

எனக்கு இது வியப்பாக இல்லை. லிங்காரெட்டிபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பாட்டைப் போட்டுக்கொண்டு போன காலத்தில், வாசிக்கிற பிள்ளை நிறுத்திவிடும். டிராக்டர் போனதும் விட்ட இடத்தில் தொடங்காது, வரியின் முதலுக்கே போகும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் ஒவ்வொரு தடங்கலும் ஒரு வரி நஷ்டம். கரும்பு வெட்டு சில மாதத்தோடு முடிந்துவிடும். விமானத்துக்கு ஏது பருவம்?

இப்போது நம் புதுச்சேரி. லாஸ்பேட்டையில் 2013-ல் புதிய முனையம் திறந்தார்கள். விமானம் வந்தது, நின்றது, 2017-ல் ஐதராபாத்துக்கு மறுபடி வந்தது, நின்றது. 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மீண்டும் தொடங்கியது. ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். அதனால் விசிறி வைத்த சின்ன விமானங்களே வருகின்றன. ஓடுபாதையை நீட்டுவதே பெரிய ஜெட் விமானங்களை இறக்கத்தான். அதற்குத் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் நிலமும் வேண்டும். அதே லாஸ்பேட்டையில்தான் தாகூர் கலைக் கல்லூரி, மோதிலால் நேரு பாலிடெக்னிக், இன்னும் எத்தனையோ பள்ளிகள். நம் கொம்யூன் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ப் படிக்கும் இடம்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று வாழ்ந்து பழகியவர்கள் நாம். சத்தத்துக்கு அந்த எல்லைக்கல் தெரியாது. இரண்டு அரசும் சேர்ந்து திட்டமிடாவிட்டால், ஒரு பக்கம் கட்டுப்பாடும் மறுபக்கம் புது லே-அவுட்டும் என்றாகிவிடும்.

விமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசர சிகிச்சைக்கும் பிழைப்புக்கும் அது வேண்டும். ஓடுபாதைக்கு அளவுக்கல் நடும் முன்னால் மூன்று காரியம் நடக்க வேண்டும் என்கிறேன். எந்தத் தெருவில் எவ்வளவு சத்தம் விழும் என்ற வரைபடத்தைத் தமிழில், மக்கள் பார்க்கும்படி இரண்டு மாநிலத்திலும் வைக்க வேண்டும். அந்த வரைபடத்துக்குள் புதிய பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அனுமதி தரக்கூடாது. ஏற்கெனவே இருப்பவற்றுக்குச் சத்தம் தடுக்கும் கதவும் ஜன்னலும் அரசுச் செலவில் வர வேண்டும். இரவு நேரத் தடையை இப்போதே எழுதிவைக்க வேண்டும். இரவில் விமானமே இல்லாத இன்றைக்கு அதற்கு ஒரு பைசா செலவில்லை. கம்பெனிகள் வந்து அட்டவணை போட்ட பிறகு யாரும் விட்டுத்தர மாட்டார்கள்.

மனை வாங்கப்போகிறவர்கள் புரோக்கர் கூப்பிடும் நேரத்தில் போகாதீர்கள். விமானம் இறங்கும் நேரம் பார்த்துப் போய் நில்லுங்கள். ஜெட் வந்தால் இதைவிடக் கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். வாங்கிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால் வீட்டில் இருந்துவிடாதீர்கள். போய்ப் பேசுங்கள். உங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததே அதற்குத்தான்.

லாஸ்பேட்டையில் வேலை பார்க்கும் டீச்சர் பிள்ளைகள், விமானம் போகும்போது வகுப்பு எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்